மனு வேறு, கட்டுரை வேறு

போன வாரம் மூன்று பிள்ளைகள் வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒருவன் தங்கச்சிமடம், ஒருத்தி பாம்பன் சின்னப்பாலம், இன்னொருத்தி கீழக்கரை. ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனால் மூன்றும் ஒரே கை எழுதியதுபோல இருந்தன. அதைவிட, பல வருடங்களுக்கு முன்னால் நான் எழுதியதைப் போலவே இருந்தன. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுத்துப்பிழை, இலக்கணம் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நமக்குப் பழக்கமில்லாதது வேறு. இங்கே கல்லூரி என்றால் மார்க், கட்-ஆஃப், கலந்தாய்வு. பொறியியல் கலந்தாய்வில் உங்களைப் பற்றி யாரும் ஒரு வரி கேட்பதில்லை. பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பும் இணையதளமான காமன் ஆப் வழியாக அமெரிக்கக் கல்லூரிக்குப் போட்டால், 250 முதல் 650 சொற்களுக்குள் உங்களைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் ஒருமுறைகூடச் செய்யாத வேலை அது. அதில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இவை.

கட்டுரையை மனுவாக எழுதுவது

கடற்கரைப் பிள்ளைகளுக்கு மனு எழுத நன்றாகத் தெரியும். படகு பிடிபட்டால் மனு, தடைக்கால நிவாரணம் வராவிட்டால் மனு. வீட்டில் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் அந்த வேலை அதன் தலையில்தான் விழும். மனுவுக்கு ஒரு நடை உண்டு. கஷ்டத்தை அடுக்க வேண்டும், கடைசியில் 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிக்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் அது சரி. கல்லூரிக் கட்டுரையில் அதே நடை வந்தால் எழுதியவர் காணாமல் போய்விடுகிறார்.

நான் பிளஸ் ஒன் படித்தபோது, எல்லை தாண்டியதாகச் சொல்லி அப்பா போன விசைப்படகைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீட்டு ஆண்கள் அதில் இருந்தார்கள். ஐந்து வீட்டுக்கும் நான்தான் மனு எழுதினேன். மறுவருடம் கல்லூரிக் கட்டுரையில் அப்பாவின் சிறை, அம்மாவின் அழுகை, அடகுக்குப் போன சங்கிலி என்று எழுதி அனுப்பினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் இடம் கிடைக்கவில்லை. கட்டுரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று எடுத்துப் படித்தால் அதில் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், கடல் இருக்கிறது, என்னைத்தான் காணோம்.

எழுதாமல் விட்டது என்ன தெரியுமா? முதல் மனு திரும்பி வந்தபோது ஏன் என்று உட்கார்ந்து பார்த்தேன். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இனிஷியல், மீனவர் அடையாள அட்டையில் எழுத்தே வேறு. நோட்டில் கோடு போட்டு, ஐந்து பேரின் பெயரும் எந்த அட்டையில் எப்படி இருக்கிறது என்று வரிசையாக எழுதி அடுத்த மனுவோடு இணைத்தேன். பதினாறு வயதில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான். 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று விட்டுவிட்டேன். நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது. அதே தவறை இன்னொரு பிள்ளை செய்வதைப் பார்த்தால் இன்னும் அதிகமாக வருகிறது.

கஷ்டத்தை மறைக்கச் சொல்லவில்லை. அதற்குத் தனி இடம் இருக்கிறது. குடும்பச் சூழ்நிலையைச் சொல்லக் காமன் ஆப்பிலேயே 250 சொற்களுக்கு ஒரு பகுதி உண்டு. பணமில்லை என்பதைச் சொல்லப் பல கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தை வாங்குகின்றன. அங்கே வருமானத்தை ரூபாய் கணக்கில் எழுதுங்கள். 650 சொற்களை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப்பாலத்துப் பெண்ணின் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். கட்டுரை முழுக்க அம்மாவின் விரலில் சுற்றிய துணியும் பாறை கிழித்த காலும்தான். "பாசி வீட்டுக்கு வந்த பிறகு நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"காயப்போடுவேன் அக்கா. கணக்கு எழுதுவேன்."

"என்ன கணக்கு?"

"வியாபாரி மண்ணுக்கும் ஈரத்துக்கும் எடை கழிப்பாரு. ரொம்பக் கழிக்கிறாருன்னு நானே வீட்டுல சலிச்சு எடை போட்டுப் பாத்தேன். பாதி அவரு சொன்னது சரிதான் அக்கா, அவ்வளவு மண்ணு இருந்துச்சு. மீதிப் பாதிக்குத்தான் சண்டை போட்டேன்."

சந்தேகப்பட்டாள், அளந்து பார்த்தாள், தன் பக்கத் தவறை ஒத்துக்கொண்டாள், மிச்சத்துக்கு விடாமல் நின்றாள். ஒரு கல்லூரி தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான். இப்போது அந்தக் கணக்கு நோட்டிலிருந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் விரல் துணி ஒரே வாக்கியத்தில் வருகிறது. படிக்கும்போது முன்பைவிட அதிகமாக வலிக்கிறது.

1964-இல் தொடங்குவது

தங்கச்சிமடத்துப் பையன் தனுஷ்கோடியில் தொடங்கியிருந்தான். டிசம்பர் 22 இரவுப் புயல், பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோனது, தப்பித்த கொள்ளுத்தாத்தா. 650-இல் 200 சொற்கள் போய்விட்டன, அவன் இன்னும் பிறக்கவே இல்லை. 'கலாம் பிறந்த மண்ணிலிருந்து வருகிறேன்' என்பதும் இதே வகைதான். அந்த மண்ணில் பிறந்தது நீங்கள் செய்த காரியம் அல்ல. கொள்ளுத்தாத்தா சொன்னதை வைத்து நீங்கள் எதையாவது தேடிப் போயிருந்தால், அந்தத் தேடலிலிருந்து தொடங்குங்கள்.

முன்னுரை, முடிவுரை

இரண்டையும் வெட்டுங்கள்.

அகராதி ஆங்கிலம்

கீழக்கரைப் பெண் பேசும்போது அவ்வளவு தெளிவு, எழுதினால் யாரோ போல இருக்கிறாள். முதல் படியைத் தமிழில், பேசுகிற மாதிரியே எழுதச் சொன்னேன். அப்புறம் ஆங்கிலத்தில் அதை மறுபடி சொன்னால் போதும். கச்சான் காற்றைப் 'பலத்த காற்று' ஆக்க வேண்டாம். கச்சான் என்றே ஆங்கில எழுத்தில் எழுதி, மேற்கிலிருந்து அடிப்பது என்று பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஏஐயிடம் எழுதி வாங்குவது

வேண்டாம். காமன் ஆப் இதை மோசடி என்றே விதியில் எழுதி வைத்திருக்கிறது.

அதே கட்டுரையை பிரிட்டனுக்கும் அனுப்புவது

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் வாங்கும் அமைப்பு யுகாஸ். அது கேட்பது கதையை அல்ல. 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள்: இந்தப் பாடம் ஏன், பள்ளிப் படிப்பு எப்படித் தயார்படுத்தியது, வெளியில் என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளியோடு 4000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. பாசிக் கணக்கு அங்கேயும் வரலாம், ஆனால் படிக்கப்போகும் பாடத்தோடு அது ஒட்ட வேண்டும்.

மழையை மறப்பது

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் கடைசி நாள் நவம்பர் 1 அல்லது ஜனவரி 1. காமன் ஆப்பில் நம் ஊர் நேரப்படி இரவு 11:59 வரை அனுப்பலாம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் கரண்ட் போகும், டவர் போகும். பத்து நாள் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். சின்னப்பாலத்துப் பெண்ணுக்கு நான் அக்டோபர் 20 என்று சொல்லியிருக்கிறேன்.