நூலகர் துப்பறியும் தொடர்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அமைதியான சின்ன ஊர், அதில் ஒரு நூலகம், வேலை நேரம் போகக் கொலையாளியைத் தேடும் ஒரு நூலகர். கோஸி மிஸ்டரி என்று அழைக்கப்படும் இந்த வகையில் ரத்தம் தெறிக்காது, கெட்ட வார்த்தை வராது, கொலைகூடப் பெரும்பாலும் நம் கண்ணுக்கு மறைவாகத்தான் நடக்கும். அதனாலேயே எழுதுவது சுலபம் என்று நினைத்துப் பலர் இறங்குகிறார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன்.

முதல் வரைவை ஆறப்போட்டு எடுத்துப் படித்தபோதுதான் உறைத்தது. கதாநாயகியை நூலகத்திலிருந்து தூக்கி ஒரு பூக்கடையில் உட்கார வைத்தாலும் கதை அப்படியே ஓடும். புத்தக அடுக்கு இருந்த இடத்தில் பூக்கூடை, அவ்வளவுதான். நூலகர் என்று பெயருக்கு எழுதிவிட்டு, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் விட்டிருந்தேன். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

எல்லோரும் எடுக்கும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ஒருவர் விஷத்தால் இறக்கிறார். நூலகர் கணினியைத் தட்டுகிறார். விஷங்களைப் பற்றிய புத்தகத்தைக் கடைசியாக எடுத்துப்போனவரின் பெயர் திரையில் வந்து நிற்கிறது. சுபம்.

அவ்வளவு எளிதாக வராது. புத்தகம் திரும்பி வந்ததும், அதை எடுத்தவரோடு உள்ள தொடர்பை அழித்துவிடும்படி பல நூலகங்கள் மென்பொருளை அமைத்து வைத்திருக்கின்றன. சரி, கணினிக்கு முந்தைய காலத்தில் கதையை வைக்கலாம் என்றால், அங்கேயும் புத்தகத்தை இரவல் கொடுக்க எந்த முறை என்று பார்க்க வேண்டும். பிரவுன் முறையில் வாசகரிடம் சின்னப் பை போன்ற டிக்கெட் இருக்கும். புத்தகத்தில் உள்ள கார்டை உருவி அந்த டிக்கெட்டுக்குள் செருகி, தேதி வாரியாகத் தட்டில் அடுக்கி வைப்பார்கள். புத்தகம் திரும்பியதும் கார்டு புத்தகத்துக்குள் போகும், டிக்கெட் வாசகர் கைக்குப் போகும். யார் எடுத்தார் என்பதற்குச் சுவடே மிஞ்சாது. உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் தேதி முத்திரை மட்டும் இருக்கும். எப்போது என்று தெரியும், யார் என்று தெரியாது. நூவார்க் முறையில் நிலைமை வேறு. உறுப்பினர் எண்ணையும் தேதியையும் புத்தகக் கார்டிலேயே எழுதுவார்கள். அந்தக் கார்டு தொலையாத வரை, இருபது வருடம் கழித்தும் அந்த எண் அங்கேயே இருக்கும்.

கதையில் எந்த முறை என்பதை முதல் அத்தியாயம் எழுதும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். என் இரண்டாவது வரைவில் நூவார்க் கார்டைத்தான் வைத்தேன். எல்லா வரியும் நீல மையில், ஒன்று மட்டும் கறுப்பில். கறுப்பு மை யாருடைய பேனா என்பதிலேயே மூன்று அத்தியாயம் ஓடியது.

பதிவு கிடைத்தாலும் இன்னொரு முடிச்சு உண்டு. வாசகர் என்ன படித்தார் என்பது ரகசியம். அமெரிக்க நூலகச் சங்கம் 1939-ல் வெளியிட்ட நெறிமுறையிலேயே, வாசகர்களைப் பற்றித் தெரியவரும் அந்தரங்கத் தகவலை வெளியே விடக்கூடாது என்று இருக்கிறது. உங்கள் நூலகர் அதைக் காற்றில் பறக்கவிட்டால் நூலகம் தெரிந்த வாசகருக்கு முகம் சுளிக்கும். ஆனால் அந்தத் தயக்கத்தைக் கதைக்குள் கொண்டுவந்து பாருங்கள். போலீஸ் கேட்கிறது, இவர் சொல்ல மறுக்கிறார், மறுப்பதாலேயே இவர்மீது சந்தேகம் திரும்புகிறது. எழுத்தாளருக்குத் தடையாகத் தெரிந்த விதிதான் இங்கே கதையையே நகர்த்துகிறது.

புத்திசாலியான கொலையாளி புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகவும் மாட்டார். அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போவார். படித்த புத்தகத்தை நீங்களே அடுக்கில் வைக்காதீர்கள், மேசையிலேயே விட்டுவிடுங்கள் என்று பல நூலகங்கள் எழுதி மாட்டியிருப்பது இடம் மாறிவிடக்கூடாது என்பதற்காகத்தான். கொலையாளி பதற்றத்தில் அதைத் தப்பான இடத்தில் செருகுகிறார். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் நச்சியல் 615.9, கொலைக்குற்றம் 364.152. தோட்டக்கலைக்கான 635 வரிசையில் ஒரு 615.9 நின்றால் போலீஸ்காரர் கண்ணில் படாது. தினமும் அடுக்கைச் சரிபார்க்கிறவருக்கோ, அது சோற்றில் கல் போல நெருடும். பூக்கடைக்காரருக்குக் கிடைக்காத துப்பு இது.

வெள்ளைக் கையுறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரிய நூலைத் தொட நூலகர் கையுறை மாட்டிக்கொள்வதாக எழுதத் தோன்றும், திரையில் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால் இன்று பல பெரிய நூலகங்கள் புத்தகத்தைப் புரட்டச் சுத்தமான, ஈரமில்லாத வெறுங்கையையே விரும்புகின்றன. பருத்தித் துணி விரல் நுனியின் உணர்வை மழுங்கடிக்கும், தாள் கிழிந்துவிடும். வெறுங்கை என்றால் ரேகை பதியும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷத்தில் அவசரம் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் மரகதப் பச்சைத் துணி அட்டைகளில் ஆர்சனிக் கலந்த நிறமி இருந்தது உண்மை. அதற்காக ஒருவர் அட்டையைத் தடவிய அடுத்த நிமிடம் சுருண்டு விழ மாட்டார். சயனைடின் கசப்பு வாதுமை வாசனையும் அப்படித்தான், மரபணு காரணமாக அதைச் சிலரால் முகரவே முடியாது. நாலு பேர் நிற்கும் அறையில் நாலு பேரும் ஒரே குரலில் ‘வாதுமை வாசனை!’ என்று கத்தினால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

தொடர் என்று வந்துவிட்டால் வேறொரு கணக்கு தொடங்குகிறது. 1984 முதல் 1996 வரை ஓடிய ‘மர்டர், ஷி ரோட்’ தொலைக்காட்சித் தொடரில் கேபட் கோவ் என்ற சின்ன ஊரில் அத்தனை பேர் செத்தார்கள். சின்ன ஊரில் நம்ப முடியாத அளவுக்குப் பிணம் விழுவதற்கு ‘கேபட் கோவ் சிண்ட்ரோம்’ என்ற கேலிப்பெயரே வந்துவிட்டது. ஐந்தாவது புத்தகத்திலும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கொல்வதற்கு முன் யோசியுங்கள். எல்லாக் குற்றமும் கொலையாக இருக்க வேண்டியதில்லை. 2005-ல் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகத்தில் தரையில் கிடந்த ஒரு சின்ன பிளேடை ஊழியர் ஒருவர் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு போனதில் பழைய வரைபட வணிகர் ஒருவர் சிக்கினார். பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதாக அவரே பிறகு ஒப்புக்கொண்டார். ஒரு பிளேடு, கவனிக்கும் ஒரு கண். ஒரு முழுப் புத்தகத்துக்கு அது போதும், ஒரு பிணமும் தேவையில்லை.

வயதையும் முதலிலேயே யோசித்துவிடுங்கள். அகதா கிறிஸ்டி 1920-ல் துப்பறிவாளர் புவாரோவை அறிமுகப்படுத்தியபோதே அவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. அந்தப் பாத்திரத்தின் கடைசி நாவல் வெளிவந்தது 1975-ல். அவ்வளவு வயதானவராகத் தொடங்கியது தவறு என்று கிறிஸ்டியே தன் சுயசரிதையில் நொந்துகொண்டார். நம் நூலகர் அடுத்த வருடம் பணி ஓய்வு பெறுபவர் என்றால், ஏழாவது புத்தகத்தில் எந்தச் சாவியை வைத்துக்கொண்டு நூலகத்தைத் திறப்பார்?

‘உஷ்’ என்று உதட்டில் விரல் வைக்கும், பூனை வளர்க்கும், மூக்குக் கண்ணாடி நழுவும் நூலகர் போதும். இன்ஸ்பெக்டரை முட்டாளாக்குவதும் போதும். அவரிடம் பிரேத பரிசோதனை அறிக்கை இருக்கிறது, நூலகரிடம் ஊர்க்கதை இருக்கிறது. ஒருவர் கையில் உள்ளது மற்றவருக்குத் தெரியாது என்பதே போதுமான இடைவெளி.

அப்புறம், வாசகரை ஏமாற்றாதீர்கள். துப்பறியும் கதைகளுக்காக எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் வகுத்த பத்து விதிகளில், துப்பறிபவர் கண்ட துப்பு உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்பதும் ஒன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் வேண்டும், ஆனால் பூசணிக்காய் தட்டில் இருக்க வேண்டும். அந்தக் கறுப்பு மை வரியை ஏழாம் பக்கத்திலேயே காட்டிவிட்டேன். ஒழுகும் கூரையைப் பற்றிய சண்டைக்கு நடுவே, ஒரே வாக்கியத்தில்.

நூலகங்களில் ஒரு சேர்க்கைப் பதிவேடு இருக்கும். வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி எண். புத்தகம் தொலைந்தாலும் அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள், வரிக்கு எதிரே குறிப்பு எழுதிவிடுவார்கள். என் தொடரில் வரும் ஊர்மக்களுக்கு அப்படி ஒரு நோட்டு இப்போதுதான் போட்டேன். இரண்டாம் கதையில் காது சுத்தமாகக் கேட்காத தபால்காரர், நான்காம் கதையில் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுவிட்டார். அதை வைத்துத்தான் கொலையாளியே பிடிபடுகிறான்.