ஸ்டூடன்ட் லோன் தள்ளுபடி ஆகிவிட்டதா? வரிக்கு ஒரு நோட்டு போடுங்கள்

2023 ஆகஸ்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து மெயிலைத் திறந்தேன். நான் கட்ட வேண்டிய பாக்கி 0 என்று இருந்தது. 23,400 டாலர் போயே போய்விட்டது. 2002-ல் நர்சிங் முடித்ததிலிருந்து மாதாமாதம் கட்டிய கடன். கணவர் விசாவில் அமெரிக்கா வந்து, கிரீன் கார்டு கிடைத்த பிறகு அரசுக் கடன் எடுத்துப் படித்தவள் நான். வருமானத்துக்கு ஏற்பத் தவணை கட்டும் ஐடிஆர் திட்டத்தில் 20 வருடம் முடிந்தால் மிச்சம் தள்ளுபடி. அந்த 20 வருடக் கணக்குதான் எனக்கு முடிந்தது.

அந்த வாரக் கடைசியில் வட கரோலினாவின் கேரியில் எங்கள் வீட்டில் சாப்பாடு. கொழுந்தனார் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. ஊர்ல பேங்க் கடன் வாங்கிப் படிச்சு, வட்டியோட கட்டினேன். அப்போ கட்டினவன் ஏமாளியா?" பக்கத்தில் ரெஸ்டாரன்ட் வைத்திருக்கும் நண்பர் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோவிட் காலத்தில் அவர் வாங்கிய, சிறு தொழில்களுக்கான அரசின் பிபிபி கடன் முழுசாகத் தள்ளுபடி, அதற்கு ஃபெடரல் (மத்திய அரசு) வரியும் கிடையாது. இன்னொருவர், "சுப்ரீம் கோர்ட்தான் இதை ரத்து பண்ணிடுச்சே?" என்றார். 2023 ஜூன் 30-ல் கோர்ட் ரத்து செய்தது, பைடன் அறிவித்த 10,000 டாலர், பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்கியவர்களுக்கு 20,000 டாலர் என்ற திட்டத்தை. என்னுடையது பழைய சட்டப்படி வந்தது. அது வேறு, இது வேறு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் ஆறிவிட்டது.

ஆங்கிலத்தில் இதை 'மன்னிப்பு' என்கிறார்கள், ஏதோ பாவம் செய்த மாதிரி. நம் 'தள்ளுபடி' தேவலை. ஆனால் ஆடித் தள்ளுபடிக்கு யாரும் வரி கேட்பதில்லை; இதற்குக் கேட்பார்கள்.

நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். 2021 முதல் 2025 முடிய தள்ளுபடி ஆன கடனுக்கு ஃபெடரல் வரி இல்லை என்று 2021 மார்ச்சில் சட்டம் வந்தது. அதனால் கடன் தள்ளுபடியைக் காட்டும் 1099-சி படிவமும் வரவில்லை. எனக்கு வரி போட்டுக்கொடுத்தவர் "விட்டுடுங்க, ஒண்ணும் இல்லை" என்றார். வட கரோலினா அந்தச் சலுகையை ஏற்கவில்லை என்பது, தாக்கல் செய்து முடித்த பிறகு கூட வேலை பார்க்கும் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. திருத்திய ரிட்டர்ன் போட்டு, அப்போதிருந்த 4.75 சதவீதப்படி 1,111 டாலரும் சில்லறையும் கட்டினேன். மொய் எழுதின மாதிரி தொகை. அதன்மேல் வட்டி வேறு.

2026 ஜனவரி 1-லிருந்து ஃபெடரல் சலுகையும் போய்விட்டது. ஆகவே உங்கள் பாக்கி 0 ஆனதும் முதலில் பார்க்க வேண்டியது, எந்த வகைத் தள்ளுபடி என்பதை. பொதுச் சேவையில் 120 தவணை கட்டிக் கிடைக்கும் பிஎஸ்எல்எஃப், ஆசிரியர்களுக்கானது, கடன் வாங்கியவர் இறந்ததாலோ நிரந்தரமாக முடங்கியதாலோ வருவது, இவற்றுக்கு ஃபெடரல் வரி இல்லை. ஐடிஆரில் 20, 25 வருடம் கட்டி வருவதுதான் இப்போது வருமானமாக எண்ணப்படும்.

அடுத்து தேதி. தவணை எண்ணிக்கை 2025-லேயே முடிந்து, கடிதம் மட்டும் 2026-ல் வந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஆசிரியர் சங்கம் போட்ட வழக்கில் 2025 அக்டோபரில் உடன்பாடு ஆனது. தகுதி பெற்ற தேதியைத்தான் கல்வித்துறை கணக்கில் எடுக்கும். ஆனால் அத்தாட்சி உங்கள் கையில் இருக்க வேண்டும். அரசின் ஸ்டூடன்ட் எய்ட் தளத்தில் தவணை எண்ணிக்கை வரும் பக்கத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பிரிண்டும் போட்டு வையுங்கள்.

இனி கணக்கு. தனி ஆள், சம்பளம் 55,000, தள்ளுபடி 40,000 என்று வைப்போம். 2026-ன் நிலையான கழிவு (வரி போடாமல் முதலிலேயே கழிக்கும் தொகை) 16,100. தள்ளுபடி இல்லாவிட்டால் ஃபெடரல் வரி 4,420 டாலர். 40,000 சேர்ந்தால் 12,070. ஆக 7,650 டாலர் கூடுதல். பலர் இங்கேயே தலையில் கை வைத்துவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள், ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். தள்ளுபடி ஆவதற்குச் சற்று முன் உங்களிடம் இருந்த சொத்து இடப்பக்கம்: கார் 9,000, பேங்கில் 2,500, வீட்டுச் சாமான் 2,000, 401கே (ஆபீஸ் வழி ஓய்வுக்காலச் சேமிப்பு) 18,000. மொத்தம் 31,500. வலப்பக்கம் கடன்: தள்ளுபடி ஆன அதே 40,000, கார் லோன் 6,000, கிரெடிட் கார்டு 4,000. மொத்தம் 50,000. சொத்தைவிடக் கடன் 18,500 அதிகம். அந்த 18,500-க்கு வரி இல்லை. மீதி 21,500-க்குத்தான் உண்டு. கூடுதல் வரி 7,650-லிருந்து 3,580 ஆக இறங்கிவிடும். இதற்கு ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித்துறை) 982 படிவம் நிரப்ப வேண்டும். 4681 என்ற வெளியீட்டில் பட்டியல் தாளே இருக்கிறது. 401கே-யைச் சேர்க்காமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பீரோவில் இருக்கும் நகையையும் எழுதுங்கள். சாமானுக்கு வாங்கிய விலை போடாதீர்கள். இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அதைப் போடுங்கள்.

மாநில வரி தனி. டெக்சாஸ், ஃப்ளோரிடாவில் வருமான வரியே இல்லை. எங்கள் மாநிலத்தில் 2026-க்கு 3.99 சதவீதம், அந்த 21,500-க்கு 858 டாலர். அரசின் மார்க்கெட்பிளேஸில் மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: வருமானம் ஏறியதால் பிரீமியச் சலுகையைத் திருப்பிக் கட்ட நேரலாம்.

பணத்துக்கு ஏப்ரல் வரை காத்திருக்காதீர்கள். ஆபீஸில் டபிள்யூ-4 படிவத்தை மாற்றி ஒவ்வொரு சம்பளத்திலும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லுங்கள். போன வருட மொத்த வரி அளவுக்காவது (வருமானம் 1,50,000-ஐத் தாண்டியிருந்தால் அதில் 110 சதவீதம்) பிடித்திருந்தால் குறைவாகக் கட்டியதற்கான அபராதம் வராது.

அப்படியும் பணம் இல்லையா? ரிட்டர்னை மட்டும் நாள் தவறாமல் போட்டுவிடுங்கள். தாக்கல் செய்யாததற்கு மாதம் 5 சதவீத அபராதம், கட்டாததற்கு 0.5 சதவீதம்தான். பாக்கி 50,000 டாலருக்குள் இருந்தால் ஐஆர்எஸ் தளத்திலேயே தவணைக்கு விண்ணப்பிக்கலாம். தள்ளுபடி ஆன கடனுக்கு மறுபடி தவணையா என்று கொழுந்தனார் சிரிப்பார். சிரிக்கட்டும்.