லீசிங் பத்திரத்தில் ஒளிந்திருக்கும் நடுத்தீர்ப்பு: நாங்கள் விடும் தவறுகள்

உப்புவெளியில் என் மச்சான் ஓட்டோ எடுத்தபோது, லீசிங் கம்பனி நீட்டிய கடதாசிக் கட்டில் காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தார். மாதத் தவணை எவ்வளவு என்பதைத்தான் கேட்டார். பிறகு தாமதக் கட்டணத்தில் தகராறு வந்து, வழக்குப் போடலாம் என்று சட்டத்தரணியிடம் போனார். அவர் ஆங்கிலத்தில் இருந்த நாலு வரியைத் தொட்டுக் காட்டினார்: பிணக்கு எதுவானாலும் நடுத்தீர்ப்புக்குத்தான், இடம் கொழும்பு.

ஆர்பிட்ரேஷன் என்று சொல்வார்களே, அதுதான்: நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுத்தீர்ப்பாளர் ஒருவர் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது. முதல் தவறு, அந்த வரிகளை வாசிக்காமல் கையெழுத்து வைப்பது. நடுத்தீர்ப்பாளரை யார் நியமிப்பது, விசாரணை எங்கே, செலவு யாருக்கு என்ற மூன்றையாவது கேளுங்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிணை நிற்கிறவரும் கேட்க வேண்டும். அவரும்தானே கையெழுத்து வைக்கிறார்.

அடுத்தது, யூடியூபில் அமெரிக்கக் கதையைக் கேட்டுவிட்டு அதை இங்கே பொருத்திப் பார்ப்பது. அங்கே 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்த வாசகங்களுக்குப் பெரிய பலம் கொடுக்கிறது. டிஸ்னி வளாகத்து உணவகம் ஒன்றில் சாப்பிட்ட பெண் ஒவ்வாமையால் இறந்த வழக்கில், கணவர் முன்பு டிஸ்னி பிளஸ் என்ற அதன் இணையப் படச் சேவைக்குப் பதிந்தபோது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளைக் காட்டி, நடுத்தீர்ப்புக்குப் போகச் சொன்னது அந்த நிறுவனம். ஊரே ஏசிய பிறகு 2024 ஓகஸ்டில் அதைக் கைவிட்டது. சரி, அது அங்கே. இங்கே இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம். அதன் 5ஆம் பிரிவுப்படி, நீங்கள் வழக்குப் போட்டு மற்றத் தரப்பு ஆட்சேபித்தால், அந்த விடயத்தை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆட்சேபித்தால் மட்டும்தான். ஆனாலும் கம்பனி பேசாமல் இருக்கும் என்று நம்பிக் காசு செலவழிக்காதீர்கள்.

‘நடுத்தீர்ப்பு என்று எழுதியிருக்கு, இனி எங்கேயும் முறையிட ஏலாது’ என்று ஒதுங்குவதும் தவறுதான். வாங்கிய பொருள் உத்தரவாதப்படி இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி 1977. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். வங்கி, நிதிக் கம்பனி விவகாரம் என்றால் மத்திய வங்கியின் 1935.

மேலே சொன்னதெல்லாம் சின்னத் தவறுகள். வீட்டை விற்க வைப்பது, வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பதுதான். ‘கொழும்புக்கு யார் போறது, பஸ் காசுக்கே வழியில்லை’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தகுந்த காரணமில்லாமல் நீங்கள் போகாவிட்டால் விசாரணை உங்களுக்காகக் காத்திருக்காது. கையிலுள்ள சாட்சியத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம். பிறகு கம்பனி அதை மேல் நீதிமன்றத்தில் கொடுத்து நிறைவேற்றக் கேட்கும். போக முடியாவிட்டால், அதையாவது பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு கையில் கிடைத்தால் அதை நீக்கக் கேட்க 60 நாள்தான். அதிலும் ‘கணக்குப் பிழை’ என்று அழுதால் எடுபடாது. முறையான அறிவித்தல் கிடைக்கவில்லை, என் பக்கத்தைச் சொல்ல முடியவில்லை என்பது போன்ற காரணங்கள்தான் நிற்கும்.

மச்சான் இடையில் நிலாவெளிக்கு வீடு மாறினார். கம்பனிக்குச் சொல்லவில்லை. கடிதங்கள் எல்லாம் பத்திரத்தில் இருந்த பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தன.