லினக்ஸ் டிவிடி பூட் ஆகவில்லையா? கம்ப்யூட்டரைக் குறை சொல்லும் முன்

கோத்தகிரியில் எங்கள் எதிர்வீட்டு அக்கா மகள் போன டிசம்பரில் ஒரு லினக்ஸ் டிவிடியோடு (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளம்தான் லினக்ஸ்) வந்து நின்றாள். "மாமா, இதைப் போட்டாலும் நேரா விண்டோஸ்தான் வருது. லேப்டாப் போயிடுச்சா?" லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில்தான் இருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

1. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் டிவிடியைத் திறந்து பாருங்கள். பூட், ஈஎஃப்ஐ என்று ஃபோல்டர்கள் தெரிய வேண்டும். அவளுடையதில் ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல்தான் (முழு டிஸ்க்கையும் ஒன்றாக அடைத்த ஃபைல்) இருந்தது. பாட்டு ஏற்றுவதுபோல அதை அப்படியே காப்பி செய்திருந்தாள். இது பூட் ஆகவே ஆகாது. விண்டோஸ் 7-க்குப் பிறகு வந்தவற்றில் ஐஎஸ்ஓவை ரைட் கிளிக் செய்தால் 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்று இருக்கும். அதில் எழுதுங்கள், குறைந்த வேகத்தில்.

2. எழுதும் முன் ஃபைல் முழுதாக இறங்கியதா என்று பாருங்கள். மழை நாளில் இங்கே நெட் விட்டுவிட்டு வரும், ஃபைல் பாதியில் கெட்டுப்போகும். 7-ஜிப் மென்பொருள் இருந்தால் ரைட் கிளிக்கிலேயே எஸ்ஹெச்ஏ-256 (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிடலாம். வரும் 64 எழுத்துகளும் தரவிறக்கிய தளத்தில் உள்ளதோடு அச்சாக ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் மறுபடி இறக்குங்கள்.

3. சாதாரண டிவிடி 4.7 ஜிபிதான் கொள்ளும். லினக்ஸ் வகைகளில் உபுண்டு 24.04 டெஸ்க்டாப் அதில் அடங்காது. லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ அடங்கும்.

4. ஆன் செய்தவுடன் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருங்கள் (ஹெச்பியில் எஃப்9). பூட் மெனுவில் டிவிடி டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

5. இது நம் மலைக்காரர்களுக்கு. ஜில்லென்ற அறையில் கிடந்த, வெளியே செருகும் டிவிடி டிரைவை அடுப்பெரியும் அறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் பூக்கும். சரியாக எழுதிய இரண்டாவது டிஸ்க்கும் அன்று கரகரவென்று சுற்றி நின்றுவிட்டது. தட்டை இழுத்துப் பார்த்தேன். மிளகு அளவு லென்ஸ், அதன்மேல் மூச்சு விட்ட கண்ணாடிபோல வெள்ளைப் படலம். துடைக்காதீர்கள், கீறல் விழும். நெருப்பருகிலும் வைக்காதீர்கள். தட்டைத் திறந்தபடி ஒரு மணி நேரம் அறையிலேயே விடுங்கள். அதன்பின் முதல் முயற்சியிலேயே லினக்ஸ் மெனு வந்தது.

6. மெனு வந்தபின் திரை கறுத்துப்போனால் மின்ட்டில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' எடுங்கள். டெஸ்க்டாப் தெரிந்ததும் உடனே இன்ஸ்டால் அழுத்தாமல், வைஃபை வேலை செய்கிறதா பார்த்து, பாடக் குறிப்புகளையும் படங்களையும் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.