ஜாங்கோ 3.2-லிருந்து 5.0: ஒரே தாவல் வேண்டாம்

ரிச்சி தெருக் கடை ஒன்றுக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் ஆப், ஜாங்கோ 3.2-இல் ஓடிக்கொண்டிருந்தது. ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் வெப் ஆப் எழுத உதவும் கட்டமைப்பு. 2024 ஏப்ரலோடு 3.2-க்கு ஆதரவு முடிந்தது. வேளச்சேரி வீட்டு மாடியில் உட்கார்ந்து நேரே 5.0-க்குத் தாவினேன். திரை முழுக்கச் சிவப்பு! முதலில் 4.2, அப்புறம் 5.0. 5.0-க்குக் குறைந்தது பைத்தான் 3.10 வேண்டும்.

3.2-இல் இருக்கும்போதே பைத்தான் கட்டளையில் 'மைனஸ் டபிள்யூ ஏ' (-Wa) போட்டு டெஸ்ட்களை ஓட்டுங்கள். பைத்தான் மறைத்து வைத்திருக்கும் எச்சரிக்கைகள் எல்லாம் கொட்டும். 4.0-இல், பக்க முகவரிகளை வரையறுக்கும் 'யூஆர்எல்' (url) ஃபங்ஷன் கிடையாது. 'ரீ_பாத்' (re_path) என்று மாற்றினால் போதும். மொழிபெயர்ப்புக்கான 'யூகெட்டெக்ஸ்ட்' (ugettext) இனி 'கெட்டெக்ஸ்ட்' (gettext). தேடி மாற்றுகிற வேலைதான், ஒரு டீ ஆறுவதற்குள் முடியும்.

என்னைப் படுத்தியது லாக்அவுட். நான் அதற்கு டெஸ்டே எழுதவில்லை. கல்லாவில் இருக்கும் அண்ணன் போன் செய்தார்: "தம்பி, உள்ளே விடுது, வெளியே விட மாட்டேங்குது!" 5.0-இல் லாக்அவுட், லிங்க்கைச் சொடுக்கினால் போகும் கெட் (GET) கோரிக்கையை ஏற்காது. 405 பிழைதான் வரும். சாதா லிங்க்கை எடுத்துவிட்டு, சிஎஸ்ஆர்எஃப் டோக்கனோடு (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் ரகசியக் குறி) போஸ்ட் (POST) கோரிக்கை அனுப்பும் சின்ன ஃபார்மும் பட்டனும் வையுங்கள். இது பழைய பதிப்பிலும் ஓடும், முன்கூட்டியே மாற்றலாம்.

செட்டிங்ஸில் 'யூஸ்_டிஇசட்' (USE_TZ, நேர மண்டலக் கணக்கை இயக்குவது) வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் 5.0 அதை 'ட்ரூ' என்றே எடுத்துக்கொள்ளும், முன்பு 'ஃபால்ஸ்'. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் நம்மூர் நேரத்தில் பதிந்த பழைய பில்கள் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தெரியும். மேம்படுத்துவதற்கு முன்பே 'ஃபால்ஸ்' என்று எழுதி வைத்துவிடுங்கள்.