மரப்பலகை வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? பூஞ்சை திரும்ப வராம இருக்க இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

நியூசிலாந்து ஆக்லாந்துல வெதர்போர்டு (வெளிச்சுவர் பூரா மரப்பலகை அடிச்ச) வீடு வாங்கின நம்ம ஆளுங்க நிறைய பேர்கிட்ட கேக்குற புலம்பல் இதுதான், "போன சம்மர்லதான் பெயிண்ட் அடிச்சோம், அதுக்குள்ள சுவர் பூரா கருப்பு கருப்பா புள்ளி வந்துருச்சு". உடனே பெயிண்ட் மட்டம்னு திட்டுவாங்க. பெரும்பாலும் பெயிண்ட் மேல குறையே இருக்காதுங்க, டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலையை விட்டதுதான் காரணம். ஊர்ல செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் பாத்துப் பழகின நமக்கு மரச்சுவரோட குணம் தெரியறதில்ல, அது ஈரத்தை இழுக்கும், வெளிய விடும், உப்பும், சுருங்கும், மேல இருக்கிற பெயிண்ட்டும் அதுகூடவே போய்ட்டு வரணும்.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு, பூஞ்சை மேலயே பெயிண்ட் அடிக்கறது. ரெண்டு கோட்டு போட்டா மறைஞ்சுடும்னு நினைக்கிறாங்க, மறையும், அடுத்த மழைக்காலம் வரைக்கும். அப்புறம் உயிரோட இருக்கிற பூஞ்சை புது பெயிண்ட்டுக்குள்ள இருந்தே மேல வந்துடும். முதல்ல அது பூஞ்சையா அழுக்கான்னு பாருங்க. துணி வெளுக்கிற ப்ளீச் ஒரு சொட்டு எடுத்து அந்தக் கருப்புல வைங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல வெளுத்துச்சுன்னா பூஞ்சை, அப்படியே நின்னுச்சுன்னா வெறும் அழுக்கு. பூஞ்சைன்னா ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூணு பங்கு தண்ணி கலந்து, கீழ இருந்து மேல தடவிட்டு வாங்க (மேல இருந்து ஆரம்பிச்சா ஒழுகுற கோடு காஞ்ச பலகையில கறையா நின்னுடும்), காயவிடாம கால் மணி நேரம் ஊறவிட்டு, சாஃப்ட் பிரஷ்ல தேச்சு, நல்ல தண்ணியில நல்லா அலசிடுங்க. கையுறை, கண்ணாடி கட்டாயம். ப்ளீச்சோட வினிகரோ அம்மோனியா இருக்கிற கிளீனரோ சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். கூரைத் தண்ணியைத் தொட்டியில பிடிக்கிற வீடுன்னா தொட்டிக்குப் போற குழாயைக் கழட்டிட்டு ஆரம்பிங்க.

கழுவறதுக்கு வாட்டர் பிளாஸ்டரை (தண்ணியை வேகமா பீய்ச்சி அடிக்கிற மெஷின்) வாடகைக்கு எடுத்துட்டு வந்து முழு பிரஷர்ல அடிக்கறாங்க பாருங்க, அதைப் பாத்தாலே எனக்கு வயிறு கலங்கும். பலகை ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கிற இடுக்கு வழியா தண்ணி உள்ள போய்டும், மரத்தோட மேல்நாரும் பிஞ்சு வரும். அடுத்த நாள் காலைல தொட்டுப் பாத்துட்டு "காஞ்சிருச்சு"ன்னு ப்ரைமர் (பெயிண்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிக்கோட்டு) எடுத்துடுவாங்க. கைக்குத் தெரியறது மேல்பக்கம் மட்டும்தான். மரத்தோட ஈரத்தை அளக்கற மாய்ஸ்சர் மீட்டர் ஒண்ணு வாங்குங்க, பலகையில குத்தினா 15 சதவீதம் கிட்ட காட்டணும், 18ஐத் தாண்டினா இன்னும் சில நாள் காயட்டும், அவசரப்பட்டு அடிச்சா உள்ள மாட்டின ஈரம் பெயிண்ட்டை உப்ப வச்சு உரிச்சுட்டு வெளிய வரும்.

அடுத்தது நல்லது செய்யறோம்னு நினைச்சே பண்ற தப்பு. ஒவ்வொரு பலகைக்கும் கீழ்விளிம்புல மெல்லிசா ஒரு இடைவெளி தெரியும், அதைப் பாத்ததும் கையில சீலண்ட் (இடுக்கை அடைக்கிற பசை) கன் எடுத்து நீளமா அடைச்சுடறாங்க. அந்த இடுக்கு வேணும்னே விட்டது! காத்தடிச்சு மழை உள்ள போனாலும், வீட்டுக்குள்ள இருந்து நீராவி பலகைக்குப் பின்னாடி வந்தாலும், வடியறதுக்கும் காயறதுக்கும் அது ஒரு வழி. அடைச்சா பலகையோட பின்பக்கம் ஊறிக்கிட்டே இருக்கும். சீலண்ட் வேணும்னா வெடிப்பு, ஆணி ஓட்டை, பழைய சீலண்ட் விட்டுப்போன இடம், இதுக்கெல்லாம் போடுங்க, கீழ்விளிம்பை விட்டுடுங்க.

பலகையோட வெட்டுமுனையை யாரும் கவனிக்கறதில்ல. மரத்துல குழாய் குழாயா இருக்கிற நார் எல்லாம் அங்கதான் திறந்திருக்கு, பலகையோட முகத்தை விட பல மடங்கு தண்ணி குடிக்கும். ஜன்னல் ஓரம், மூலை, பலகையோட அடிவிளிம்பு, இங்கெல்லாம் ப்ரைமர் இழுக்கற வரைக்கும் ரெண்டு தடவை ஊட்டுங்க. சுரண்டி வெத்து மரம் தெரியற இடத்தை வாரக்கணக்குல வெயில்ல விடாதீங்க, மேல்நார் சிதைஞ்சு பெயிண்ட் பிடிப்பு போய்டும்.

நேரமும் முக்கியம். இங்க சூரியன் வடக்குப் பக்கமா போகுது, தெக்குச் சுவர் குளிர்காலத்துல வெயிலையே பாக்காது, பூஞ்சை முதல்ல வர்ற இடமும் அதுதான். ஏப்ரல்ல, இங்க இலையுதிர் காலம், பகல் நல்லா இருக்கேன்னு பொழுது சாயற வரைக்கும் அடிப்பாங்க, இருட்டினதும் பனி இறங்கும், காயாத அக்ரிலிக்ல (தண்ணியில கலக்கற பெயிண்ட்) வழவழன்னு பழுப்புக் கோடு வழியும். அது பூஞ்சை இல்ல, தண்ணியில கழுவினா போய்டும், ஆனா பளபளப்பு போனா போனதுதான். சாயங்காலம் சூரியன் இறங்க ரெண்டு மூணு மணி நேரம் இருக்கும்போதே பிரஷைக் கழுவிடுங்க, 10 டிகிரிக்குக் கீழ சாதாரண அக்ரிலிக்கைத் தொடாதீங்க. உச்சி வெயில் அடிக்கிற சுவரும் வேண்டாம், நிழல் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் போங்க.

1980க்கு முன்னாடி கட்டின வீடுன்னா பழைய கோட்டுல ஈயம் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம காஞ்ச சுவரை சாண்ட் பண்ணாதீங்க (உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க), அந்தத் தூசி குழந்தைங்களுக்கு ரொம்ப ஆபத்து, இதுல சமாதானமே கிடையாது.

இன்னொண்ணு, ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாக்காம பெயிண்ட்டை மட்டும் மாத்தறது. பாத்ரூம் சுவருக்கு வெளிய மட்டும் பெயிண்ட் உரியுதுன்னா உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கான்னும், அந்தக் குழாய் நிஜமாவே வெளிய போகுதா இல்ல கூரைக்குள்ளயே ஊதுதான்னும் பாருங்க. ஒழுகுற கட்டர் (கூரை ஓரத் தண்ணிக் கால்வாய்), சுவரை ஒட்டி வளர்ந்த செடி, பலகையைத் தொடற மண், இதையெல்லாம் சரி பண்ணாம எவ்வளவு விலை குடுத்து பெயிண்ட் வாங்கினாலும் வீண்தான்.

பெயிண்ட்டுல கலக்கற பூஞ்சைத் தடுப்பு மருந்து உதவும், வேண்டாம்னு சொல்லல, ஆனா மழையில கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போய்க்கிட்டே இருக்கும். பூஞ்சைக்குச் சாப்பாடு சுவர்ல படியற மகரந்தமும் தூசியும்தான், அதனால வருஷத்துக்கு ஒரு தடவை ஹோஸும் நீளமான பிரஷும் கொஞ்சம் சோப்புத் தண்ணியுமா கழுவிடுங்க. கூரை நீட்டலுக்கு அடியில இருக்கிற பலகையை மட்டும் ரெண்டு தடவை தேயுங்க, மழை படாத இடம்ங்கறதால அங்கதான் அழுக்கு அப்படியே தங்கி நிக்கும்.