பரம்பரை தேட ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வியோடு போங்கள்

"முழு வம்சாவளியையும் எடுத்துக்கொண்டு வரவேணும்" என்று வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு வெளிக்கிட்டால், கலியாணவீடும் கோயிலுமாக லீவு முடிந்துவிடும். ஒரு பயணத்துக்கு ஒரு கேள்வி போதும்: அம்மம்மாவின் தகப்பனார் பெயர் என்ன, எந்த ஊரார்? முந்தைய தேடல் எந்த ஆளோடு நின்றதோ, அங்கிருந்தே புதுக் கேள்வியை எடுங்கள்.

கையிலுள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை முதலில் கடைசி வரி வரை வாசியுங்கள். பேரனார் (பாட்டனார்) இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத அதில் ஒரு கூடு உண்டு. பலர் அதைப் பார்ப்பதேயில்லை. அடுத்தது கல்வெட்டு, அதாவது இறந்தவருக்கு அடிக்கும் நினைவு மலர். 31ஆம் நாளுக்கு அடிக்கும் அந்தப் புத்தகத்தில் பெரும்பாலும் வம்சாவளியும், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவும் இருக்கும். வெண்பாவில் வரும் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதை மறக்கவேண்டாம். 'விரோதி' என்றிருந்தால் 1889ஆ, 1949ஆ என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் முடிவுசெய்யலாம். 'நூலகம்' என்ற இணையத்தளத்திலும் நினைவு மலர்கள் நிறையக் கிடக்கின்றன.

ஊரில் முதியவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் குழம்புவார்கள். "64ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னமோ, பிறகோ?" என்று கேளுங்கள். வீட்டுப் பெயர், பதிவுப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். ஊரே 'ராசா' என்று கூப்பிட்டவர் பதிவில் வேறு பெயரில் இருப்பார்.

பிறப்புப் பதிவு தேடிப் பிரதேச செயலகத்துக்குப் போகிற பலரும் தடுக்குவது ஓரிடத்தில். பிறப்பு, பிறந்த இடத்தின் பிரிவில்தான் பதியப்படும். ஊர் சாவகச்சேரி, பிள்ளை பிறந்தது யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் என்றால், சாவகச்சேரிப் பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை. போயா (பௌர்ணமி) நாளில் கந்தோர் பூட்டு. கலண்டரைப் பார்த்துப் போங்கள்.

காணி உறுதிதான் (நிலப் பத்திரம்) எல்லாவற்றிலும் பெறுமதியானது. சீதன, நன்கொடை உறுதிகளில் கொடுத்தவர், பெற்றவர், அவர்களின் உறவு, நாலு எல்லைக்காரர் பெயர் எல்லாம் வரும். பரம்பரையாக வந்த முதுசக் காணியைப் பிரித்திருந்தால் எல்லைக்காரர் பலர் கூடப்பிறந்தவர்களாகவே இருப்பார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியதும் உறுதியைக் கேட்டால், பங்கு கேட்க வந்திருக்கினம் என்று சொந்தங்கள் வாயை மூடிவிடும். அதைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். பெயர் பார்க்கத்தான் என்று முதலே சொல்லி, அவர்கள் முன்னாலேயே பார்த்து எழுதிவிட்டு, உறுதியை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.